ஜோடிக்குப் போட்ட பறவை

அந்தப் படத்தில் இரண்டு பறவைகள் இருந்தன. என் வீட்டுக்காரர் பார்த்தது ஒன்றை. விஷயம் இவ்வளவுதான். இதற்காகவா ஒரு புருஷனும் பெண்டாட்டியும் மூன்று நாள் சேற்றில் அலைவார்கள் என்று கேட்பவர்கள் கேட்கலாம். கேட்பவர்கள் யாரும் பஞ்சாட்சரத்துக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் இல்லை.

பஞ்சாட்சரம் பறவைகளை வரைகிறவர். காலண்டர் மயிலோ கல்யாணப் பத்திரிகைக் கிளியோ இல்லை. பறவைகளைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கென்று தடித்தடியாகப் புத்தகங்கள் வருமே, ஒரே பக்கத்தில் ஆண், பெண், குஞ்சு, பறக்கும்போது இறக்கையின் அடிப்பக்கம் என்று எல்லாம் இருக்குமே, அந்த மாதிரிப் படங்கள். முன்னூற்றுச் சொச்சம் படம் அச்சாகியிருக்கிறது. அட்டையில் அவர் பெயர் இருக்காது. உள்ளே நாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படிக்க அவருக்கே பூதக்கண்ணாடி வேண்டும்.

அதற்கு முன்னால் பத்தொன்பது வருஷம் ஒரு பட்டுக்கடைக்குப் புடவை டிசைன் போட்டுக்கொண்டிருந்தார். கட்டம் போட்ட காகிதத்தில், ஒரு கட்டத்துக்கு இத்தனை இழை என்று எண்ணி, அன்னமும் மயிலும் இருதலைப் பட்சியும் போடுவார். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் பாதித் தறியில் அவருடைய மயில்தான் ஓடியது. நானும் அதைத்தான் நெய்தேன். இப்போதும் நெய்கிறேன். என் தறி இந்தப் பக்கம், அவர் மேஜை அந்தப் பக்கம், நடுவில் நடப்பதற்கு இரண்டடி.

ஒரு நாள் கோயில் குளத்தங்கரையில் செத்துக் கிடந்த மடையான் கொக்கு ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். கூடத்தில் செய்தித்தாளை விரித்து அதன் விரல்களை எண்ணினார். இறக்கையை விரித்து ஒவ்வொரு இறகாக எண்ணினார். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"பத்தொம்பது வருஷமா பின்விரலே இல்லாம போட்டுக்கினு இருந்திருக்கேன் கலா. நான் போட்ட ஒரு பறவையாலகூட கிளையில நிக்க முடியாது."

"பொடவையில அது எதுக்குங்க நிக்கணும்? கட்டிக்கினவ நின்னா போதாதா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து பிடித்தது இந்தப் பைத்தியம். தெருவில் எவன் வண்டியில் எது அடிபட்டாலும் பிளாஸ்டிக் பையில் போட்டு எங்கள் வீட்டுக்குத்தான் வரும். என் ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஆந்தை இருந்திருக்கிறது. செத்த பறவைக்கு முதலில் கண்ணின் நிறம் போகும், அப்புறம் அலகின் நிறம், அப்புறம் காலின் நிறம். அதனால் பை வந்த உடனே எல்லாவற்றையும் போட்டுவிட்டுச் சாயத்தைக் கலக்க உட்கார்ந்துவிடுவார். எங்கள் அப்பா செத்த அன்றைக்கு மட்டும் அப்படி உட்காரவில்லை. அதுவும் அன்றைக்கு யாரும் பை கொண்டு வராததால்தான் என்று நான் நினைக்கிறேன்.

அவரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. ஏரிக்கரைகளில் பார்ப்பதையெல்லாம் எழுதுவார். கண்ணால் பார்த்தது கறுப்பு மை. காதால் கேட்டது நீல மை. இருக்கலாம் என்று தோன்றியது பென்சில். முப்பது வருஷத்து நோட்டில் ஒரு இடத்தில்கூடப் பென்சிலின் மேல் மை ஏறியது கிடையாது. அவ்வளவு சுத்தமான மனுஷர். சுத்தமான மனுஷரோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு சிரமம் என்று இன்னொரு நாள் சொல்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரக்ஷா வந்தாள். சின்ன காஞ்சிபுரத்துப் பெண். கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுக்கிறாள். இவரைப் பார்க்க மாதம் ஒரு தடவையாவது வந்துவிடுவாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

தாமல் போகிற வழியில் ஒரு சின்ன ஏரி இருக்கிறது. நாங்கள் கோரையேரி என்போம். அதைத் தூர் வாரப் போகிறார்கள். திங்கட்கிழமை பொக்லைன் வண்டி இறங்குகிறது. வண்டி போக வழி இருப்பது கோரை மண்டிய மூலைப்பக்கம்தான் என்பதால் அங்கிருந்துதான் ஆரம்பம். இதெல்லாம் எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். ரக்ஷா கொண்டுவந்தது அதற்கு மேல்.

"சார், இன்ஜினியர் ஒத்துண்டுட்டார்! நீங்க வரைஞ்ச மயில் உள்ளான் படத்தைப் போன்ல காட்டினேன். ரெண்டு நிமிஷம் பாத்துண்டே இருந்தார். ஜோடியா இருக்குன்னா கூடு இருக்கும், அந்த மூலையை மட்டும் இருபது நாள் கழிச்சு எடுக்கச் சொல்றேன்னுட்டார். திங்கட்கிழமை கார்த்தால நீங்க வந்து, இந்த ஜோடியை இங்க பாத்தேன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டா போறும்."

இருபது நாள் என்பது சும்மா சொன்ன கணக்கு இல்லை. மயில் உள்ளான் கோரைக்குள் தரையிலேயே கூடு கட்டுகிற நீர்ப்பறவை, அதன் முட்டை பொரிய அவ்வளவுதான் ஆகும். குஞ்சு வெளியே வந்துவிட்டால் கோழிக்குஞ்சு மாதிரி அன்றைக்கே நடந்து போய்விடும். அப்புறம் அந்த மூலையை வாரட்டும், கொட்டட்டும், யாருக்கு என்ன. எனக்கே சந்தோஷமாக இருந்தது. அவளுக்குக் காபி கொடுத்தேன். இவருக்கும் கொடுத்தேன். அவள் கிளம்பிப் போன பிறகும் இவர் டம்ளர் நிறைந்தபடியே இருந்தது.

"இன்னாங்க?"

"கலா, நான் பாத்தது பொட்டையை மட்டுந்தான்."

"அப்ப ஆணு?"

"ஜோடிக்குப் போட்டது."

எனக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். முகூர்த்தப் புடவைக்கு ஒற்றைப் பறவை போட மாட்டார்கள். கல்யாணத்தன்று உடம்பில் சுற்றிக்கொள்கிற துணியில் தனியாக ஒரு பறவை நின்றால் ஆகாது. ஜோடி போட இடம் இல்லை என்றால் அங்கே ஒரு மாங்காயைப் போட்டு நிரப்புவார்களே தவிர, தனிப் பறவையை விட மாட்டார்கள். இவர் வேலை கற்றுக்கொண்ட புதிதில் ஓரத்தில் ஒற்றைக் கிளி போட்டுக் கொண்டுபோனபோது, கடை முதலாளி அந்தத் தாளைத் தொடக்கூட இல்லையாம். பத்தொன்பது வருஷம் அந்தக் கை ஜோடி ஜோடியாகவே போட்டுப் பழகியது. பறவைப் புத்தகத்துக்கு வந்த பிறகும் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஏனென்றால் அங்கேயும் ஆணும் பெண்ணும் சேர்த்துத்தான் கேட்பார்கள். ஆனால் அவையெல்லாம் இரண்டையும் இவர் பார்த்து வரைந்தவை.

இந்தப் படம் புத்தகத்துக்கு இல்லை. வைகாசி மாதம் ஒரு விடிகாலையில் கோரையேரியில் பெண் உள்ளானை நேருக்கு நேர் பார்த்துவிட்டு வந்து, ஆசைக்குப் போட்டது. அரக்குக் கழுத்து, கண்ணைச் சுற்றி மை தீட்டின மாதிரி வெள்ளை, பச்சை மினுங்கும் முதுகு. முதுகைப் பார்த்து நானே தறியை விட்டு எழுந்து வந்தேன். பெண்ணைப் போட்டு முடித்ததும் பக்கத்தில் காலியாக இருந்த இடம் உறுத்தியிருக்கிறது. கை தானாகப் போயிருக்கிறது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேறு ஏரியில் பார்த்த ஆணை நோட்டிலிருந்து எடுத்துக் கோரைக்குள் பாதி மறைந்த மாதிரி நிற்க வைத்துவிட்டார். கீழே வழக்கம்போல, 'கோரையேரி, வைகாசி 21' என்று எழுதினார். ஒரு பறவைக்கு அது நிஜம். இன்னொன்றுக்குப் பொய்.

"சரி, போட்டாச்சு. இப்ப இன்னா கெட்டுப்போச்சு? ஆணு அங்க இல்லவே இல்லையா?"

"இருக்கணும். இந்தச் சாதியில பொட்டை முட்டை போட்டுட்டுப் போயிடும். ஆணுதான் அடைகாக்கும். குஞ்சையும் அதான் மேய்க்கும். அவன் கோரைக்குள்ள உக்காந்துக்கினு இருந்தா யார் கண்ணுக்கும் படமாட்டான்."

"நல்ல ஏற்பாடா இருக்குதே. நம்ம சாதியில இல்லாமப் போச்சு. அதான் இருக்குதுன்றீங்களே, எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"இருக்கணும்னுதான் சொன்னேன். இருக்குதுன்னு சொல்லலியே."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளை என்ன செய்வது? சண்டை போட்டுப் பார்த்தேன். முடியவில்லை. அப்புறம் நானே சொன்னேன்: "இன்னும் ரெண்டு நாள் இருக்குது. போய்த் தேடலாம். பாத்துட்டா கறுப்பு மையிலயே எழுதலாம் இல்ல?"

சனிக்கிழமை விடியும்போது டிவிஎஸ் வண்டியில் பின்னால் உட்கார்ந்து நானும் போனேன். முப்பது வருஷத்தில் அவரோடு பறவை பார்க்கப் போனது அன்றைக்குத்தான். கோரை மூலையில் முழங்கால் வரை சேறு. கோரைத் தாள் கையைக் கீறியது. முதல் பத்து நிமிஷம் உற்சாகமாகத் தேடினேன். அதற்குப் பிறகு அவர் ஒன்று சொன்னார், எனக்குக் கால் வைக்கவே பயம் வந்துவிட்டது.

"பாத்துக் கால் வைம்மா. அது எழுந்திரிக்காது. மிதிபடற வரைக்கும் உக்காந்துக்கினே இருக்கும்."

அப்புறம் எப்படித் தேடுவது? கோரையை விலக்கினால் கூடு கலையும். உள்ளே போனால் மிதிபடும். போகாவிட்டால் தெரியாது. இரண்டு பேரும் ஓரமாகவே சுற்றிச் சுற்றி வந்தோம். கரையில் மாடு மேய்த்தவர்கள் எங்கள் தங்கச் சங்கிலி எதுவோ தொலைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கூடவே தேட வந்தார்கள். அவர்களை விரட்டுவது தனி வேலையாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண் உள்ளான் கூப்பிட்டது. வெறும் பாட்டிலின் வாயில் ஊதினால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம், விட்டுவிட்டு, ஏரியின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார்.

"அடுத்த ஆணைக் கூப்பிடுது."

"அடுத்த ஆணையா? அப்ப முதல் ஆணு?"

"முட்டை மேல உக்காந்துட்டிருப்பான். அதனாலதான் அவ வேற ஆளைத் தேடறா."

"அப்ப தெரிஞ்சுபோச்சு இல்ல? கூடு இருக்குது, ஆணு இருக்குது!"

"தெரிஞ்சுபோச்சு. பாக்கலியே கலா."

அந்தப் பாழாய்ப்போன சத்தம் நாங்கள் கிளம்புகிற வரைக்கும் கேட்டது. வீட்டுக்கு வந்து அவர் நோட்டை எடுத்து நீல மையில் இரண்டு வரி எழுதினார். கீழே பென்சிலில் இன்னும் ஒரு வரி. நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு அந்தப் பென்சிலை ஒடித்துப் போட வேண்டும்போல் இருந்தது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஏரிக்கரையில் திருவிழா மாதிரிக் கூட்டம். பொக்லைன் ஒன்று, டிப்பர் லாரி மூன்று, ஊர்க்காரர்கள் முப்பது பேர். ஊர்க்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏரி ஆழமானால்தான் அவர்கள் கழனிக்குத் தண்ணீர். "சீக்கிரம் ஆவட்டும் சார், மழை புடிச்சுக்கினா அப்புறம் வண்டியே எறங்காது" என்று ஒரு பெரியவர் பொறியாளரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் நியாயம்தான். எல்லோர் பக்கமும் நியாயம் இருந்தால் எவனைத் திட்டுவது?

பொறியாளர் நாற்பது வயசு இருப்பார். குடை பிடித்துக்கொண்டு நின்றார். இவரைப் பார்த்ததும் குடையை மடக்கிவிட்டுக் கும்பிட்டார்.

"ஐயா, படம் பாத்தேன். கையால போட்டதுன்னு நம்பவே முடியல. எங்க வீட்டம்மாகிட்டகூடக் காட்டினேன்." போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். "இந்த ரெண்டையும் இங்கதான பாத்தீங்க? ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டீங்கன்னா அந்த மூலைக்குக் கொடி நட்டுட்டு நாங்க இந்தப் பக்கமா ஆரம்பிச்சுடறோம். வழிக்குக் கொஞ்சம் மண்ணு கொட்டணும், பரவால்ல."

ரக்ஷா வெள்ளைத் தாளும் பேனாவும் தயாராக வைத்திருந்தாள். இவர் வாங்கி, டிவிஎஸ் வண்டியின் சீட்டின் மேல் வைத்து எழுதினார். எழுதும்போது நான் மனசுக்குள் ஏகாம்பரநாதரையும் காமாட்சியையும் ஒன்று விடாமல் கூப்பிட்டேன். இரண்டு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஐந்து நிமிஷம் எழுதினார். எழுதி முடித்துத் தாளை என்னிடம்தான் முதலில் கொடுத்தார்.

'கோரையேரியில் வைகாசி 21 அன்று நான் பார்த்தது ஒரு பெண் மயில் உள்ளான். படத்தில் உள்ள ஆண் பறவையை நான் இங்கே பார்க்கவில்லை. அதைப் பழக்கத்தால் சேர்த்துப் போட்டேன். இந்தப் பறவையின் இயல்புப்படி ஆண் இங்கே அடைகாத்துக்கொண்டிருக்கலாம். இருபது நாள் பொறுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.'

கீழே கையெழுத்து.

பொறியாளர் அதை இரண்டு தடவை படித்தார். அவர் முகம் வாடியதைப் பார்த்தேன். அவர் நல்லவர்தான், அதில்தான் எனக்கு வயிறு எரிகிறது.

"ஐயா, இருக்கலாம்னு எழுதினதை வெச்சுக்கிட்டு நான் மேல இன்னான்னு சொல்வேன்? தேதி குறிச்சுக் குடுத்திருக்காங்க." குரலைத் தணித்தார். "வேற தாள்ல வேற மாதிரி எழுதிக் குடுங்க. நான் என்ன கோரைக்குள்ள எறங்கி எண்ணியா பாக்கப் போறேன்?"

"சார், ஆண் இருக்கத்தான் செய்யும்! நேத்து பெண் கூப்பிட்டதைக் கேட்டேன்னு நீங்களே சொன்னேளே!" ரக்ஷா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"இருக்கும்மா. இருக்குதான்னு அவர் கேக்கல. பாத்தியான்னுதான கேக்கறார்."

நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். சதை கன்றிப்போகிற அளவுக்குக் கிள்ளினேன். அவர் அசையவில்லை. எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. அத்தனை பேர் முன்னால் கேட்டேன்:

"பொடவையில பத்தொம்பது வருஷம் பொய்யாத்தான போட்டீங்க? தறியில இழை அறுந்தா முடிச்சுப் போட்டு உள்பக்கம் தள்ளிட்டுத்தான நெய்யறோம்? இந்த ஒண்ணுக்கு ஒரு முடிச்சுப் போடக் கூடாதா? யார் குடி கெட்டுப்போவுது?"

"கலா, முன்னூறு படம் போட்டிருக்கேன். அதைப் பாத்துட்டு, இங்க இது இருக்குதுன்னு எங்கெங்கயோ இருக்கறவங்க எழுதி வெச்சிருக்காங்க. ஒண்ணுல பாக்காததைப் பாத்தேன்னு எழுதிட்டேன். தெரியாமப் பண்ணிட்டேன். இப்பத் தெரிஞ்சே எழுதச் சொல்ற."

"நான் பாத்தேன் சார்," என்று நான் பொறியாளரிடம் திரும்பினேன். "ரெண்டு நாளா நானும் தேடினேன். நான் பாத்தேன். நான் கையெழுத்துப் போடறேன்."

பொறியாளர் என்னைப் பார்த்தார். அப்புறம் இவரைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நான் போட்டிருப்பேன். கெஞ்சுகிற மாதிரிப் பார்த்தார். என் வாய் தானாக மூடிக்கொண்டது. அந்தப் பார்வைக்கு நான் ஏன் இடம் கொடுத்தேன் என்று இந்த நிமிஷம் வரை எனக்குப் புரியவில்லை.

"படம் போட்டவரே இப்படி எழுதிட்டாரே மா," என்றார் பொறியாளர். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "நான் இன்னா பண்ணட்டும்?"

அவர் கையைத் தூக்கி வண்டிக்காரனுக்குச் சைகை காட்டினார். ரக்ஷா கொஞ்ச நேரம் போனில் வீடியோ எடுத்தாள். பிறகு வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று அழுத முகத்தோடு போய்விட்டாள். என்னிடம் சொல்லிக்கொண்டாள். இவரிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

நாங்கள் போகவில்லை. கரையில் ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்தோம். வீட்டுக்குப் போகலாம் என்று இரண்டு தடவை சொன்னேன். "நீ போ" என்றார். எப்படிப் போவேன்? வண்டி கோரைக்குள் இறங்கி அள்ளி அள்ளிப் போட்டது. தூரத்தில் இருந்து பார்த்தால் சேறும் கோரையும்தான் தெரிந்தது. அவர் கழுத்தில் பைனாகுலர் தொங்கியது. அதை எடுத்து ஒரு தடவைகூட அவர் கண்ணில் வைக்கவில்லை. கொக்குகள் மட்டும் வண்டிக்குப் பின்னாலேயே நடந்து புழுப் பொறுக்கிக்கொண்டிருந்தன. அவற்றைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது.

பன்னிரண்டரை மணிக்கு வண்டி நின்றது. சாப்பாட்டு நேரம் என்று நினைத்தேன். ஓட்டிக்கொண்டிருந்த ஆள் இறங்கி நேராக எங்களை நோக்கி வந்தான். முப்பது முப்பத்திரண்டு வயசிருக்கும். ஒரு கையில் துண்டுச் சுருட்டல், இன்னொரு கையில் டிபன் பாக்ஸ் மூடி. அதைத் தண்ணீர் தளும்புகிற பாத்திரம் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துப் பார்த்து எடுத்து வந்தான்.

"சார், நீங்க தேடிக்கினு இருந்தது இதானா சார்?"

துண்டைப் பிரித்தான். சருகு நிறத்தில் ஒரு பறவை. இறக்கை முழுக்கப் பொன் பொட்டு. கழுத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. பஞ்சாட்சரம் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். படத்தில் பாதி மறைந்து நின்றதே, அது முழுசாக எங்கள் முன்னால் கிடந்தது.

"தரையிலேர்ந்து எழும்பி ரெண்டு ரெக்கையையும் விரிச்சுக்கினு நின்னுச்சு சார். வண்டிக்கு முன்னாடி. இத்தினியூண்டு இருந்துக்கினு, பாம்பு கணக்கா சீறுது. நான் கையை எடுக்கறதுக்குள்ள பக்கெட் எறங்கிடுச்சு. பறந்து போயிருக்கலாமே சார்? ரெக்கை இருக்குது இல்ல?"

"கூடு இருந்துச்சு இல்லப்பா," என்றார் இவர்.

"நாலு முட்டை சார். ரெண்டு ஒடைஞ்சிடுச்சு."

மூடியில் கோரைத்தாளுக்கு நடுவில் இரண்டு முட்டைகள் இருந்தன. மஞ்சளில் கறுப்பு மை சிந்தின மாதிரி. நான் அதை வாங்கிக்கொண்டேன்.

அவன் போகாமல் நின்றான். துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பெயர் முத்துக்குமார் என்றும் ஊர் ஐயம்பேட்டை என்றும் கேட்காமலே சொன்னான்.

"சார், அந்த மேடம் வீடியோ எடுத்துக்கினு இருந்தாங்க. இது இருக்குதுன்னு மனு வேற குடுத்திருக்காங்களாமே. பறவையைக் கொன்னா கேஸுன்னு கான்டிராக்டர் ஆள் சொல்றான். ஏதாச்சும் ஆச்சுன்னா வண்டி ஓட்டினவன் பேர்தான் சார் எழுதுவாங்க. எனக்கு ரெண்டு பொண்ணு சார். நான் அதைத் தூக்கி சேத்துல போட்டுட்டுப் போயிருக்கலாம். நீங்க ரெண்டு நாளா தேடினீங்கன்னு சொன்னாங்க, மனசு கேக்கல."

இவர் அந்தப் பறவையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். விரல்கள் தாமாகவே இறக்கையை விரித்து இறகை எண்ணத் தொடங்கின. மூன்றாவது இறகில் நிறுத்திவிட்டார்.

"நீ எதுவும் கொண்டு வரலப்பா. நான் எதுவும் பாக்கல. போய்ச் சாப்பிடு."

அவன் கும்பிட்டுவிட்டு ஓடாத குறையாகப் போனான். அவன் பாதி தூரம்கூடப் போயிருக்கமாட்டான், ரக்ஷாவின் போன் வந்தது. அந்தப் பெண்ணுக்குக் கோபம் அரை நாளுக்கு மேல் தாங்காது. ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது. "சார், அங்கதான் இருக்கேளா? கூடு, முட்டை, இறகு, ஏதாவது கண்ல பட்டுதா? பட்டா ஒரு போட்டோ மட்டும் அனுப்புங்கோ, இன்னிக்கே கம்ப்ளெயின்ட் குடுத்துடறேன்."

"இல்லம்மா," என்றார். "எதுவும் இல்ல. நான் எதுவும் பாக்கல."

மடியில் பறவை. வாயில் அது. குரல் தழுதழுக்கக்கூட இல்லை, என்னமோ வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லியே பழகினவர் மாதிரி.

எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. காலையில் ஏழு மணிக்கு இந்த வார்த்தை எங்கே போயிருந்தது? ஒரு வரி. 'பார்க்கவில்லை' என்பதற்குப் பதிலாக 'பார்த்தேன்'. அது நிஜமாகவே இருந்திருக்கிறது. இவர் பொய்யென்று நினைத்தது நிஜம். இவர் நிஜமாக எழுதிக் கொடுத்ததில் அது செத்தது. இப்போது கண்ணால் பார்த்த பிறகு பார்க்கவில்லை என்கிறார், ஒரு டிரைவரின் இரண்டு பெண் பிள்ளைகளுக்காக. அதையும் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எதையுமே என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. யாரையாவது நாலு வார்த்தை கேட்டிருந்தால் நெஞ்சு ஆறியிருக்கும்.

கையில் இருந்த மூடியைப் பார்த்தேன். முட்டைகளை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்தேன்.

"ஏங்க, இது இன்னும் சூடாத்தான் இருக்குது. உசிர் இருக்குதுங்க. பஞ்சுல சுத்தி பல்பு கீழ வெச்சா பொரிக்காதா? கோழி முட்டைக்கு அப்படித்தான் வெக்கறாங்க."

அவர் தொட்டுப் பார்த்தார்.

"இது முட்டையோட சூடு இல்ல கலா. டிபன் பாக்ஸை இன்ஜின் பக்கத்துல வெச்சிருந்திருப்பான். மூடியும் இப்படித்தான் இருக்கும், தொட்டுப் பாரு."

மூடியைத் தொட்டேன். அதே சூடுதான். ஆனாலும் நான் கையைத் திறக்கவில்லை. வண்டி மறுபடி ஓட ஆரம்பித்தது. கோரை மூலை முழுக்க முடிந்து, அடுத்த பக்கத்துக்குத் திரும்பியது. முட்டைகளில் சூடு குறைந்துகொண்டே வந்தது. குறையக் குறைய நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன். உடைந்துவிடும் என்று அவர் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டியிருந்தது.